இன்வாய்ஸ் போட்டாயிற்று, ஜிஎஸ்டியும் கட்டியாயிற்று. ஆடிட்டர் ஏன் விற்பனை இல்லை என்கிறார்?

கேள்வி: கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மார்ச் 28 அன்று 10 லட்சம் ரூபாய்க்கு (வரி தனி) இன்வாய்ஸ் போட்டு, இ-வே பில் எடுத்து, குவாஹாத்திக்கு லாரி ஏற்றினோம். சரக்கு ஏப்ரல் 6 அன்று போய்ச் சேர்ந்தது. ஜிஎஸ்டி ரிட்டர்னில் மார்ச் மாதத்திலேயே காட்டி வரியும் கட்டிவிட்டோம். ஆடிட்டர் இதை இந்த வருட விற்பனையிலிருந்து கழித்துவிட்டார். இது சரிதானா? வேறு எங்கெல்லாம் இப்படிக் கழிப்பார்கள்?

பதில்:

உங்கள் பர்ச்சேஸ் ஆர்டரில் 'எஃப்ஓஆர் டெஸ்டினேஷன்' (வாங்குபவர் ஊரில் சேர்க்கும்வரை விற்பவர் பொறுப்பு) என்று இருந்தால் ஆடிட்டர் செய்தது சரி. 'எக்ஸ் ஒர்க்ஸ்' (தொழிற்சாலை வாசலிலேயே பொறுப்பு மாறும்) என்று இருந்தால் அவரிடம் வாதாட உங்களுக்கு இடமிருக்கிறது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 39ஆம் பிரிவின்படி, வாங்குபவருக்கு அனுப்பச் சொல்லி லாரிக்காரரிடம் சரக்கை ஒப்படைத்தாலே, ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்லாதவரை, வாங்குபவரிடமே ஒப்படைத்ததாக எடுத்துக்கொள்ளப்படும். எஃப்ஓஆர் டெஸ்டினேஷன் என்பது அந்த 'வேறு விதம்'. லாரி வழியில் கவிழ்ந்தால் நஷ்டம் உங்களுடையது, மாற்றுச் சரக்கு அனுப்ப வேண்டியவரும் நீங்கள். அப்படியானால் மார்ச் 31 நள்ளிரவில் அந்தப் பம்புகள் இன்னும் உங்கள் ஸ்டாக்தான்.

ஜிஎஸ்டி கட்டிய வாதம் இங்கே எடுபடாது. மத்திய ஜிஎஸ்டி (சிஜிஎஸ்டி) சட்டத்தின் 31ஆம் பிரிவு, சரக்கு தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும்போதோ அதற்கு முன்போ இன்வாய்ஸ் போடச் சொல்கிறது. அது அரசுக்கு வரி எப்போது சேர வேண்டும் என்பதற்கான தேதி. இதற்குச் சான்று உங்கள் கம்பெனியிலேயே இருக்கும். வேறு மாநிலத்தில் உள்ள உங்கள் சொந்த டெப்போவுக்குச் சரக்கு அனுப்பும்போது ஐஜிஎஸ்டியோடு (மாநிலங்களுக்கு இடையிலான ஜிஎஸ்டி) இன்வாய்ஸ் போடுகிறீர்கள் அல்லவா? அதை யாரும் விற்பனை என்று சொல்வதில்லை. வரி உண்டு, வருமானம் இல்லை. குவாஹாத்தி லாரியும் மார்ச் 31 அன்று அதே நிலையில்தான் இருந்தது.

எந்தக் கணக்கியல் தரநிலை உங்களுக்குப் பொருந்தும் என்பதையும் பாருங்கள். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளுக்கும் (எஸ்எம்இ சந்தை நீங்கலாக), நிகர மதிப்பு 250 கோடி ரூபாயும் அதற்கு மேலும் உள்ள கம்பெனிகளுக்கும், அவற்றின் தாய், துணை, கூட்டு, இணை நிறுவனங்களுக்கும் இண்ட் ஏஎஸ் 115. இது 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மற்றவர்களுக்குப் பழைய ஏஎஸ் 9. ஏஎஸ் 9 'ரிஸ்க்கும் பலனும் யாரிடம் போய்விட்டன' என்று கேட்கும். இண்ட் ஏஎஸ் 115 'சரக்கின் மீதான கட்டுப்பாடு யார் கையில்' என்று கேட்கும். பணம் கேட்கும் உரிமை, சட்டப்படியான உரிமை, கைவசம், ரிஸ்க், வாங்குபவரின் ஒப்புதல் ஆகிய ஐந்தையும் சேர்த்துப் பார்க்கும். வழியில் இருக்கும் லாரிக்கு இரண்டும் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் தரும்.

பதிவு இப்படி வரும். வரி 18%, அடக்க விலை 7,20,000 என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 31 அன்று விற்பனைக் கணக்கில் 10,00,000 பற்று, வாடிக்கையாளர் கணக்கில் 10,00,000 வரவு. அடுத்து, வழியில் உள்ள சரக்கு (ஸ்டாக் இன் டிரான்சிட்) 7,20,000 பற்று, விற்ற சரக்கின் அடக்கம் 7,20,000 வரவு. ஜிஎஸ்டி 1,80,000ஐத் தொட வேண்டாம். அரசுக்குத் தர வேண்டிய அந்த வரி உண்மையானது, அதே தொகை வாடிக்கையாளர் கணக்கில் பற்றாகவே நிற்கும். ஏப்ரல் 1 அன்று இரண்டு பதிவுகளையும் திருப்பிப் போடுங்கள். லாபத்தில் நகர்வது 2,80,000 மட்டும்.

தப்பு நடப்பது பெரும்பாலும் இரண்டாவது பதிவில். விற்பனையைக் கழித்துவிட்டு அடக்கத்தை மறந்தால், சரக்கு விற்பனையிலும் இருக்காது, ஸ்டாக்கிலும் இருக்காது. மொத்த லாபச் சதவீதம் திடீரென்று விழும். மார்ச் 31 அன்று குடோனில் எண்ணிய ஸ்டாக்கை அப்படியே டாலி மென்பொருளில் ஏற்றுபவர்களுக்கு இது நிச்சயம் நடக்கும். லாரியில் இருப்பதை யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள், கையால்தான் சேர்க்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் இன்வாய்ஸின் அடியில் அச்சடித்திருக்கும் வரி: 'சரக்கு எங்கள் குடோனை விட்டு வெளியேறியதும் எங்கள் பொறுப்பு முடிந்தது.' பர்ச்சேஸ் ஆர்டரோ எஃப்ஓஆர் டெஸ்டினேஷன் என்கிறது. இருவரும் ஒப்புக்கொண்ட ஆர்டர்தான் பொதுவாக நிற்கும். நீங்களாக அச்சடித்த வரி அதை மாற்றாது. டிரான்சிட் இன்சூரன்ஸ் பாலிசி யார் பெயரில் இருக்கிறது, போன வருடம் வழியில் உடைந்த சரக்குக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பதையும் ஆடிட்டர் பார்ப்பார். உண்மை நடைமுறை அங்கே தெரிந்துவிடும்.

இதைத் தவிர்க்க ஒரு பட்டியல் போதும். மார்ச் 15 முதல் 31 வரையிலான இன்வாய்ஸ்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஊர், டெலிவரி நிபந்தனை, எல்ஆர் (லாரி ரசீது) எண், பிஓடி (சரக்கு சேர்ந்ததற்கான சான்று) தேதி எழுதுங்கள். கோவையிலிருந்து ஈரோட்டுக்கு அன்றே சேர்ந்துவிடும், வடகிழக்குக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். பிஓடியில் சீல் இருந்து தேதி இல்லாமல் வருவது மிகச் சாதாரணம். டிரான்ஸ்போர்ட்காரரிடம் மார்ச் மாதத்திலேயே சொல்லி வையுங்கள், ஜூனில் கேட்டால் கிடைக்காது.

வேறு எங்கே கழிப்பார்கள் என்று கேட்டீர்கள். தேதியைவிடத் தொகையில்தான் அதிகம்.

டீலர் தள்ளுபடியை எடுத்துக்கொள்ளுங்கள். பம்ப் விலை 10,000. வருடத்தில் 1,000 பம்ப் தாண்டினால் வாங்கிய எல்லாவற்றுக்கும் 4% தள்ளுபடி. முதல் காலாண்டில் 300 போயிருக்கிறது, கடந்த வருடங்களைப் பார்த்தால் அவர் 1,000ஐத் தாண்டுவார். இண்ட் ஏஎஸ் 115இல் முதல் காலாண்டின் வருமானம் 30 லட்சம் இல்லை, 28,80,000தான். மீதி 1,20,000 திருப்பித் தர வேண்டிய கடன். மார்ச்சில் கிரெடிட் நோட் (தள்ளுபடித் தொகையைக் கழித்துத் தரும் சீட்டு) போடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், மூன்று காலாண்டு ஊதிப்போய் நான்காவது காலாண்டு சுருங்கும்.

வாகனக் கம்பெனிகளுக்கு உதிரி பாகம் கொடுப்பவர்களுக்கு இதே தலைவலி விலைத் திருத்தமாக வரும். ஸ்டீல் விலை இறங்கியதும் முன்தேதியிட்டு விலையைக் குறைத்து, ஆறு மாதம் கழித்து டெபிட் நோட் (அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளும் சீட்டு) அனுப்புவார்கள். ஒப்பந்தத்தில் ஸ்டீல் விலையோடு இணைத்த விதி இருந்தால், டெபிட் நோட் வரும்வரை காத்திருக்கக் கூடாது. விலை இறங்கிய மாதத்திலேயே மதிப்பிட்டுக் குறைக்க வேண்டும். விலை ஏறும்போது மட்டும் அவசரம் வேண்டாம். பின்னால் திருப்பிப் போட வேண்டிய நிலை பெரும்பாலும் வராது என்று உறுதியான பிறகே சேர்க்கலாம். ஒருதலைப்பட்சமாகத் தோன்றும், விதி அப்படித்தான்.

தாமத அபராதத்தைச் செலவில் எழுதுவதும் பரவலான தவறு. அரசுத் துறை ஆர்டர்களில் வாரத்துக்கு இத்தனை சதவீதம் என்று பிடிப்பார்களே, இண்ட் ஏஎஸ் 115இல் அது விலையின் ஒரு பகுதி, வருமானத்திலிருந்தே கழிய வேண்டும். செலவில் போட்டால் லாபம் மாறாது, விற்பனைத் தொகை மட்டும் பெரிதாகத் தெரியும்.

மார்ச் கடைசி வாரத்தில் டீலர் குடோனில் சரக்கைத் தள்ளுவது தனி வகை. 'விற்காவிட்டால் ஜூனில் எடுத்துக்கொள்கிறோம்' என்று வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தால் அதுவும் ஒப்பந்தத்தின் பகுதியே. டீலர் தன் வாடிக்கையாளருக்கு விற்கும்வரை பணம் தர வேண்டியதில்லை, நீங்கள் கேட்டால் சரக்கைத் திருப்பித் தர வேண்டும் என்றால் அது கன்சைன்மென்ட், விற்பனையே இல்லை. சாதாரணத் திருப்பி அனுப்பும் உரிமை மட்டும் இருந்தால் கணக்கு வேறு. 8,000 ரூபாய் வீதம் 200 பம்ப், அடக்கம் 6,000, ஐந்து சதவீதம் திரும்பும் என்று அனுபவம் சொல்கிறது. வருமானம் 190க்கு மட்டும், 15,20,000. பத்துக்கு 80,000 கடனாகவும், திரும்பி வரப்போகும் சரக்கு 60,000 சொத்தாகவும் நிற்கும். இரண்டையும் ஒன்றோடொன்று கழித்து 20,000 என்று காட்டக் கூடாது.

இயந்திரத்தோடு நிறுவுதலும் பராமரிப்பும் சேர்த்து ஒரே விலைக்கு விற்றால் பிரிக்க வேண்டும். தனித்தனியே விற்றால் இயந்திரம் 45 லட்சம், நிறுவுதல் 3, இரண்டு வருடப் பராமரிப்பு 2, ஆக 50. பேரம் பேசி 45க்கு முடிந்தது. ஒவ்வொன்றிலும் 10% குறையும்: 40.5, 2.7, 1.8. பராமரிப்புத் தொகை இரண்டு வருடங்களில் பரவும். இதெல்லாம் நிறுவுதல் தனியாகப் பிரிக்கக்கூடிய எளிய வேலையாக இருந்தால்தான். வாடிக்கையாளர் இடத்தில் ஓட்டிக் காட்டிக் கையெழுத்து வாங்கினால்தான் ஏற்பு, அது நிறைவேறுமா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றால், கையெழுத்து வரை இயந்திரத்தின் வருமானமும் இல்லை. ஏஎஸ் 9 இதற்கு ஒரு பழைய உதாரணம் தருகிறது: தொழிற்சாலையில் சோதித்த டிவியைப் பெட்டியிலிருந்து எடுத்து மின்சாரமும் ஆன்டெனாவும் இணைப்பது மட்டும்தான் பாக்கி என்றால் காத்திருக்க வேண்டாம். உங்கள் இயந்திரம் அந்த டிவி மாதிரியா இல்லையா என்று கேட்டுப் பாருங்கள். வழக்கமான பழுது வாரண்டி தனி வருமானம் இல்லை. அதற்கு ஒதுக்கீடு மட்டும். காசு வாங்கி நீட்டித்த வாரண்டி தனி வருமானம்.

'பில் போடுங்கள், சைட் தயாரில்லை, சரக்கு உங்களிடமே இருக்கட்டும்' என்று வாங்குபவர் சொன்னால், நான்கும் சேர்ந்தால் விற்பனை எனலாம்: கோரிக்கை அவருடையது (எழுத்தில் இருப்பது நல்லது), அவர் சரக்கு தனியாக அடையாளமிட்டு வைக்கப்பட்டிருக்கிறது, அனுப்பத் தயார் நிலை, வேறு யாருக்கும் நீங்கள் கொடுக்க முடியாது. நான்காவதில்தான் தோற்பார்கள். அவசரம் என்று அதே மாடலை இன்னொருவருக்கு எடுத்துக் கொடுத்திருப்பார்கள். சீரியல் நம்பரை ஒப்பிட்டால் வெளிப்பட்டுவிடும்.

ஏற்றுமதியில் எஃப்ஓபி (கப்பலில் ஏற்றும்வரை மட்டும் விற்பவர் செலவு) என்றாலும் சிஐஎஃப் (கப்பல் கட்டணமும் இன்சூரன்சும் விலையில் அடக்கம்) என்றாலும் சரக்கு கப்பலில் ஏறியதுமே ரிஸ்க் மாறுகிறது. எனவே பார்க்க வேண்டியது பில் ஆஃப் லேடிங்கில் (கப்பல் கம்பெனி தரும் ரசீது) உள்ள 'ஆன் போர்டு' தேதி. சுங்கத்துறையில் தாக்கல் செய்யும் ஷிப்பிங் பில் தேதி உதவாது. சிஐஎஃப்பில் அதற்குப் பிறகான கப்பல் கட்டணம் இண்ட் ஏஎஸ் 115இல் தனிச் சேவை. கப்பல் நடுக்கடலில் இருந்தால் அந்தப் பகுதி வருமானத்தில் மீதி அடுத்த வருடத்துக்குப் போகும்.

ஜாப் ஒர்க் (வாடிக்கையாளர் பொருளில் கூலிக்கு வேலை) செய்தால் கூலி மட்டும் வருமானம். வாடிக்கையாளர் கொடுத்த வார்ப்பின் மதிப்பைச் சேர்க்காதீர்கள்.

இப்போது உங்கள் 10 லட்சத்துக்கு மீதமிருக்கும் வேலை: ஜிஎஸ்டிஆர்-1இல் (விற்பனையைக் காட்டும் ரிட்டர்ன்) அது மார்ச்சில் இருக்கிறது, புத்தகத்தில் ஏப்ரலில். கிரெடிட் நோட் போட்டு ஜிஎஸ்டியைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்; அங்கே எதுவும் தப்பாக இல்லை. ஜிஎஸ்டி ரிட்டர்னையும் புத்தகத்தையும் ஒப்பிடும் விற்றுமுதல் ஒப்பீட்டுத் தாளில் 'டிரான்சிட், எஃப்ஓஆர் டெஸ்டினேஷன்' என்று இன்வாய்ஸ் எண், பிஓடி தேதியோடு ஒரு வரி எழுதி, பிஓடி நகலைக் கோப்பில் வையுங்கள். அடுத்த வருட ஒப்பீட்டில் அதே வரி எதிர்க்குறியோடு வர வேண்டும்.