பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

ஐயா,

சனிக்கிழமை நீங்களும் உங்கள் மனைவியும் மகளை அழைத்துக்கொண்டு வந்தீர்கள். மஞ்சள் பையிலிருந்து மதிப்பெண் பட்டியலை எடுத்தபோது அடியில் வீட்டுப் பத்திரம் தெரிந்தது. கணிதம் 97, இயற்பியல் 68, வேதியியல் 64, கட்-ஆஃப் 163. கலந்தாய்வில் நீங்கள் நினைக்கும் கல்லூரியில் கணினிப் பொறியியல் கிடைக்காது, நிர்வாக ஒதுக்கீட்டில் 14 லட்சம் கட்டிச் சேர்த்துவிடலாம் என்று உங்கள் மைத்துனர் சொல்கிறார். "கவலைப்படாதீர்கள், பார்க்கலாம்" என்று அன்று சொல்லி அனுப்பினேன். அது முகத்துக்காகச் சொன்னது. இப்போது சொல்கிறேன்: வேண்டாம்.

பணத்தை முதலில் பேசிவிடுவோம். பத்திரத்தை அடகு வைத்து வாங்கும் கடனுக்கு மளிகைக் கடை வருமானத்தில் தவணை கட்ட முடியாது. மூன்றாம் ஆண்டுக் கட்டணம் கேட்கும்போது உங்கள் மகன் பிளஸ் டூவில் இருப்பான். அப்போது எந்தப் பத்திரத்தை எடுப்பீர்கள்?

அடுத்தது அவள். நாம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவளிடம் ஒரு பழைய வினாத்தாளைக் கொடுத்திருந்தேன். நிகழ்தகவுக் கணக்கு ஒன்றை என்னிடமிருந்த விடைக்குறிப்பைவிட நான்கு வரி குறைவாகப் போட்டிருக்கிறாள். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். இவளைப் பொறியியல் முதலாண்டில் மறுபடியும் இயற்பியலோடும் வேதியியலோடும் மல்லுக்கட்ட விடுவதற்கா அவ்வளவு பணம்?

"கணக்குப் படித்தால் டீச்சர் வேலைதான்" என்பது மைத்துனரின் வாதம். கணினிக்கு முதன்முதலில் நிரல் (புரோகிராம்) எழுதியவர்களில் ஒருவரான ஜீன் பார்ட்டிக்கின் கதையை அவருக்குச் சொல்லுங்கள். 1924இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் விவசாயக் குடும்பத்தில் ஏழு பிள்ளைகளில் ஆறாவதாகப் பிறந்தவர். படித்தது ஊர்ப்பக்கத்து ஆசிரியர் கல்லூரியில். 1945இல் அந்த வகுப்பில் கணிதப் பட்டம் வாங்கியவர் அவர் ஒருவர்தான். பள்ளியில் பாடம் நடத்தப் போ என்றுதான் அங்கேயும் சொன்னார்கள். அவர் பிலடெல்பியாவுக்கு ரயில் ஏறினார். பீரங்கிக் குண்டு எங்கே போய் விழும் என்று ராணுவத்துக்காகக் கையால் கணக்குப் போடும் வேலை. அந்த வேலை பார்த்தவர்களைத்தான் அன்று 'கம்ப்யூட்டர்' என்று அழைத்தார்கள்.

பிறகு அதே கணக்கைப் போட, எனியாக் என்ற புது மின்னணுக் கணினிக்கு ஆள் எடுத்தார்கள். மின்சாரத்தைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று நேர்காணலில் கேட்க, இவர் இயற்பியல் பாடத்தில் படித்த சூத்திரத்தைச் சொன்னாராம். அதில்லை, உனக்கு அதைக் கண்டால் பயமா என்பதுதான் கேள்வி. தேர்வானவர்கள் ஆறு பெண்கள். ஏறக்குறைய 18,000 வெற்றிடக் குழாய்கள் கொண்ட இயந்திரம். அதற்கு நிரல் எழுதக் கையேடு கிடையாது, நிரல்மொழி கிடையாது. வரைபடங்களைக் கையில் கொடுத்து, நீங்களே கண்டுபிடியுங்கள் என்றார்கள்.

அவர்களில் பெட்டி ஸ்னைடர் என்பவரிடம், கல்லூரியின் முதல் நாளிலேயே கணிதப் பேராசிரியர், வீட்டில் பிள்ளை வளர்க்கலாமே என்றிருக்கிறார். அதனால் அவர் இதழியல் படித்தார். 1946 பிப்ரவரி 15 அன்று, குண்டின் பாதையை எனியாக் கணக்கிட்டுக் காட்டும் செயல்விளக்கம். முந்தைய நாள் இரவுவரை ஒரு பிழை தீரவில்லை: குண்டு தரையில் விழுந்த பிறகும் கணக்கு நிற்காமல் மண்ணுக்குள் போய்க்கொண்டே இருந்தது. ஸ்னைடர் வீட்டுக்குப் போய்த் தூங்கினார். எழுந்தபோது விடை தெரிந்திருந்தது. காலையில் வந்து ஒரே ஒரு சுவிட்சை மாற்றினார். குண்டு பறக்க 30 விநாடி, எனியாக் கணக்குப் போட 20 விநாடி. அன்றிரவு நடந்த விருந்துக்கு அந்தப் பெண்களை அழைக்கவில்லை. மைத்துனர்கள் எல்லா ஊரிலும் உண்டு, ஐயா.

பார்ட்டிக்கின் வாழ்க்கை முழுவதும் ஏறுமுகம் என்று சொல்ல மாட்டேன். 1951இல் குடும்பத்துக்காக வேலையை விட்டார், 1967இல் திரும்பி வந்தார், 1980களில் வேலை பறிபோய் வீடு விற்கும் தரகரானார். வேலைக்கு உத்தரவாதம் எந்தப் பட்டத்திலும் இல்லை, 14 லட்சத்துப் பட்டத்திலும்.

இனி உங்கள் மகளுக்கு. அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம்; ஆண்டுக்குச் சில ஆயிரத்தில் முடியும். துணைப்பாடமாகப் புள்ளியியல் இருக்கும் கல்லூரியாகத் தேடுங்கள், இயற்பியல் மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள். முதலாண்டிலேயே பைத்தான் நிரல்மொழியை அவளாகவே படிக்கத் தொடங்கட்டும். கடைசி ஆண்டில் நிம்செட் எழுத வேண்டும். திருச்சி என்.ஐ.டி. உள்ளிட்ட தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில் எம்.சி.ஏ. என்ற கணினி முதுகலைப் படிப்பில் சேர்வதற்கான நுழைவுத்தேர்வு அது. மொத்தம் 1000 மதிப்பெண். அதில் 600 கணிதத்துக்கு, 240 தர்க்கத் திறனுக்கு, 120 கணினிக்கு, 40 ஆங்கிலத்துக்கு. இயற்பியலும் வேதியியலும் அறவே கிடையாது. பட்டப்படிப்பில் 60 விழுக்காடு எடுத்திருக்க வேண்டும். அவளுக்கு அது பெரிய காரியமில்லை. திருச்சியில் படிப்பு மூன்று ஆண்டு. பொறியியலைவிட இரண்டு ஆண்டு கூடுதல்தான், அதற்கும் கட்டணம் உண்டு. ஆனால் அந்தக் கடனை அவள் பெயரில், கல்விக் கடனாக வாங்கலாம். வீடு உங்களிடமே இருக்கும்.

அவள் வேறு ஏதாவது ஆசைப்பட்டால் இத்தனையும் மாறும். சனிக்கிழமை முக்கால் மணி நேரத்தில் அவளிடம் நாம் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதில் எனக்கும் பங்கு உண்டு. வரும் புதன்கிழமை மாலை அவளை மட்டும் அனுப்புங்கள். அதுவரை அந்தக் கல்லூரிக்கு முன்பணம் எதுவும் கட்ட வேண்டாம்.