பின் டயர் தேய்ந்தால் முன் டயரையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: 125 சிசி பைக்கில் தினமும் தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு வேலைக்குப் போய் வருகிறேன். 24,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பின் டயர் நடுவில் வழுவழுவென்று ஆகிவிட்டது, முன் டயர் நன்றாகத் தெரிகிறது. மெக்கானிக் இரண்டையும் மாற்றச் சொல்கிறார். டயர் கடைக்காரரோ, "கட்டிங் போட்டுத் தருகிறேன், இன்னும் ஐயாயிரம் ஓட்டலாம்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: பின் டயரை மட்டும் மாற்றுங்கள். இந்த வாரமே மாற்றுங்கள்.

இன்ஜினின் இழுவை, உங்கள் எடையில் பெரும்பங்கு எல்லாம் பின் சக்கரத்தில்தான் விழுகிறது. அது முதலில் தேய்வது இயல்பு. இத்தனை கிலோமீட்டர் என்று கணக்கு வைக்க வேண்டாம். டயரின் பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ சின்ன முக்கோணமோ இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் ஒரு குட்டி மேடு தெரியும். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. சட்டப்படி இரு சக்கர வாகன டயரில் 0.8 மில்லிமீட்டர் பள்ளமாவது இருக்க வேண்டும். ஆனால் யார் பார்க்கிறார்கள்? சொந்த பைக்கை ஒருமுறை பதிவு செய்தால் 15 வருடத்துக்குத் தகுதிச் சோதனையே கிடையாது. சாலையில் நிறுத்தினால் ஹெல்மெட்டையும் இன்சூரன்ஸையும் கேட்கிறார்கள், குனிந்து டயரைப் பார்ப்பவர் இல்லை. மொட்டை டயரோடு மழையில் வழுக்கி விழுந்தவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் கசந்துவிட்டது.

கட்டிங் மட்டும் வேண்டவே வேண்டாம். மிச்சமிருக்கும் கொஞ்ச ரப்பரையும் சூட்டுக் கத்தியால் சீவி, பள்ளம் இருப்பதுபோல் காட்டுவதுதான் அது. அடியில் நூல் அடுக்குக்கு மேல் காகிதம்போல ரப்பர் நிற்கும். ஒரு கல், ஓர் ஆணி போதும். அதே ஆட்கள்தான் பழைய டயருக்குப் பாலிஷ் போட்டுப் புதுசு என்று விற்பார்கள். பளபளப்பில் மயங்காதீர்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் தயாரானது. ஒரு வருடத்தைத் தாண்டியிருந்தால் வேறு கேளுங்கள். மாட்டுவதற்கு முன் நீங்களே படித்துப் பாருங்கள், பில்லும் வாங்குங்கள்.

முன் டயருக்கு ஒரே ஒரு விதிவிலக்கு. பள்ளம் நிறைய இருந்தாலும் ரப்பர் காய்ந்து, பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு விட்டிருந்தால் மாற்றத்தான் வேண்டும். வெயிலில் நின்றே கிடக்கும் வண்டிகளில் இது அதிகம். உங்கள் ஆபீஸில் நிழல் இல்லாமல் நாள் முழுக்க வெயிலில் நிறுத்துகிறீர்களா? அப்படியென்றால் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கி, பக்கச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்தி, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். வெடிப்பு வாய் திறந்தால் விடை கிடைத்துவிட்டது. தேயாத டயர்தானே என்று மனசு கேட்காது. இருந்தாலும் மாற்றுங்கள்.

அப்புறம், பெட்ரோல் பங்கில் அவர்கள் சொல்லும் அளவுக்குக் காற்று அடிக்காதீர்கள். சரியான அளவு வண்டியிலேயே ஸ்டிக்கரில் இருக்கிறது, பின்னால் ஆள் ஏறினால் எவ்வளவு என்பதும் சேர்த்து. காற்று அதிகமானால் நடுப்பகுதிதான் முதலில் மொட்டையாகும், உங்களுக்கு ஆகியிருப்பதுபோல. காலையில் டயர் சூடாகும் முன் பாருங்கள். புது டயர் மாட்டியதும் முதல் 150 கிலோமீட்டர் வழுக்கும். வளைவில் சாய்க்காமல், பிரேக்கைத் திடீரென்று அழுத்தாமல் ஓட்டுங்கள்.