நகரமைப்பு படிக்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நான் தாவரவியல் பட்டதாரி. நகர, மண்டலத் திட்டமிடலில் முதுநிலை படிக்க ஆசை. கட்டடக்கலை படித்தவர்களுக்குத்தான் அது சரிப்படும் என்கிறார்களே?

பதில்: அப்படி இல்லை. இத்துறையின் முன்னோடியான பேட்ரிக் கெடஸ் தாவரவியல் பேராசிரியர். பசுமை நிலம் சூழ்ந்த அளவான ஊர்களை அமைக்கும் 'தோட்ட நகரம்' என்ற யோசனையைத் தந்த எபனேசர் ஹோவர்டு சுருக்கெழுத்தாளர். 1859-இல் பார்சிலோனாவின் விரிவாக்கத்தை வகுத்த இல்டெபோன்ஸ் செர்டா சிவில் இன்ஜினியர். இன்றும் புவியியல், பொருளாதாரம், சமூகவியல் படித்தவர்களைப் பல பல்கலைக்கழகங்கள் சேர்த்துக்கொள்கின்றன. சேர்க்கை விதி மட்டும் இடத்துக்கு இடம் மாறும், அதைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். ஈரநிலங்களையும் நகர மரங்களையும் பற்றிப் பேச ஆள் தேவைப்படும் காலம் இது. உங்கள் படிப்பு வீண் போகாது.

கேள்வி: எனக்கு வரையவே வராது. சமாளிக்க முடியுமா?

பதில்: முடியும். வரைபடத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். அழகாக வரையும் திறமை கட்டாயமில்லை. ஒரு சாலையை அகலப்படுத்தும் யோசனை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் எத்தனை வண்டிகள் போகின்றன, எத்தனை பேர் நடக்கிறார்கள், யாருடைய கடை போகும், மழைநீர் எந்தப் பக்கம் வடியும் என்று விசாரிப்பதில்தான் திட்டமிடுபவரின் நேரம் கழியும். அப்புறம் அதையெல்லாம் எல்லோருக்கும் புரியும்படி எழுத வேண்டும்.

கெடஸ் வற்புறுத்தியதும் இதைத்தான்: முதலில் ஆய்வு, பிறகு திட்டம். 1914-இல் இந்தியா வந்தவர், நெரிசலான பகுதிகளை மொத்தமாக இடித்து நேர்சாலை போடும் முறையைக் கடுமையாக எதிர்த்தார். தெருத்தெருவாக நடந்து பார்த்து, மிக மோசமான சில வீடுகளை மட்டும் அகற்றி, காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் இடம் விட்டால் போதும் என்றார். நூறாண்டு கடந்தும் இந்தப் பாடம் பல ஊர்களில் கற்கப்படவில்லை என்பதுதான் என் வருத்தம். எனவே வரைய வராதது பெரிய குறை இல்லை. நடக்கவும் கேட்கவும் பொறுமை இல்லாவிட்டால்தான் கஷ்டம்.

கேள்வி: நகரம் புரிகிறது. 'மண்டலம்' எதற்கு?

பதில்: நகரத்தின் தேவைகள் அதன் எல்லைக்குள் அடங்குவதில்லை. நியூயார்க் நகரத்துக்குக் குடிநீர் தரும் நீர்ப்பிடிப்புப் பகுதி ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தொலைவு வரை பரந்திருக்கிறது. அங்குள்ள பண்ணைகளும் சிற்றூர்களும் கழிவை ஓடையில் விட்டால், நகரத்தின் குழாய்த் தண்ணீர் கெடும். 1997-இல் நகர நிர்வாகம் அந்த ஊர்களோடு ஒப்பந்தம் செய்து, நிலத்தைப் பாதுகாக்கவும் கழிவுநீர் வசதிகளை மேம்படுத்தவும் பணம் கொடுக்க முன்வந்தது. பெரும் செலவில் வடிகட்டும் ஆலை கட்ட வேண்டிய நிலையை அதனால் தவிர்க்க முடிந்தது. நகரத்தை மட்டும் பார்க்கிறவருக்கு இந்த வழி தோன்றியிருக்காது.

கேள்வி: கணக்கு, மென்பொருள் எவ்வளவு தேவை?

பதில்: சதவீதம், மக்கள்தொகைக் கணிப்பு, அடிப்படைப் புள்ளியியல் போதும். இடம் சார்ந்த தகவல்களை வரைபடமாக்கி ஆராய உதவும் கியூஜிஐஎஸ் (QGIS) என்ற இலவச மென்பொருளை இப்போதே பழகுங்கள்.

கேள்வி: படித்தால் வேலை கிடைக்குமா? திட்டங்கள் எல்லாம் அலமாரியில் தூங்குவதாகச் சொல்கிறார்களே?

பதில்: அரசு நகரமைப்புத் துறைகள், உள்ளாட்சிகள், போக்குவரத்து அமைப்புகள், ஆலோசனை நிறுவனங்கள், வீட்டுவசதி, காலநிலை சார்ந்த தொண்டு நிறுவனங்கள் எனப் பல இடங்களில் வேலை உண்டு. அரசுப் பணிக்கு எந்தப் பட்டம் செல்லும் என்பதை மட்டும் சேரும் முன்பே உறுதிசெய்யுங்கள்.

திட்டங்கள் கிடப்பில் போவது உண்மைதான். ஓர் ஊர் முழுவதற்குமான முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) ஒன்று இருபதாண்டைக்கூடக் கணக்கில் கொள்ளும். அதற்குள் ஆட்சி பலமுறை மாறிவிடும். ஆனால் நிறைவேறியவையும் உண்டு. பிரேசிலின் குரிச்சிபா 1974-இல் தொடங்கிய தனிப்பாதைப் பேருந்து முறையைப் பிறகு எத்தனையோ நகரங்கள் பின்பற்றின. பேருந்துத் தடங்களையும் அவற்றையொட்டிய நிலப்பயன்பாட்டையும் சேர்த்தே அங்கே திட்டமிட்டார்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பட்டத்துக்குத் தொழில்முறை அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டூடியோ வகுப்பில், அதாவது திட்டம் தயாரித்துப் பழகும் செய்முறை வகுப்பில், மாணவர்களை நிஜமான ஓர் ஊருக்கு அழைத்துப் போகிறார்களா, அங்கே எத்தனை நாள் தங்க வைக்கிறார்கள் என்றும் சீனியர்களிடம் கேளுங்கள். வகுப்பறையை விட்டே வெளியேறாத படிப்பு என்றால் வேறு கல்லூரி பாருங்கள்.