வேகத்தடை கேட்பதற்கு முன் ஒரு படம் வரையுங்கள்

கேள்வி: எங்கள் பேரூராட்சி நடுவே மாநில நெடுஞ்சாலை போகிறது. பஸ் ஸ்டாப், பள்ளிக்கூடம், கிராமத்துச் சாலை வந்து சேரும் முக்கு மூன்றும் 300 மீட்டருக்குள் இருக்கின்றன. மாதம் தவறாமல் யாராவது அடிபடுகிறார்கள். போன வருஷம் இரண்டு உயிர் போனது. மறியல் செய்து வேகத்தடை போட வைத்தோம். அப்படியும் குறையவில்லை, இப்போது வேகத்தடையிலேயே ஆட்கள் விழுகிறார்கள். இனி என்ன கேட்பது, யாரிடம் கேட்பது? – தஞ்சை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர்.

பதில்: வேகத்தடையிலிருந்தே தொடங்கலாம். ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் அதை அளந்து பாருங்கள். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் (ஐஆர்சி) 99-ஆம் எண் விதிமுறை சொல்லும் வட்ட வடிவ வேகத்தடை, வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலமும் நடுவில் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. வளைவின் ஆரம் 17 மீட்டர். மணிக்கு 25 கிலோமீட்டரில் வருகிற வண்டி அலுங்காமல் ஏறி இறங்க வேண்டும் என்பதுதான் அந்தக் கணக்கு. மறியலுக்கு மறுநாள் ஒரு லோடு தாரைக் கொட்டிப் போடுகிற தடையோ அரை மீட்டர், ஒரு மீட்டர் அகலத்தில், முழங்காலை இடிக்கிற உயரத்தில் நிற்கும். அதில் டூவீலரின் முன்சக்கரம் ஏறி இறங்கிய மறுநொடி பின்சக்கரம் தூக்கிப் போடும். பின்னால் ஒருபக்கமாகக் கால் போட்டு, மடியில் குழந்தையோடு, பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் பெண்தான் முதலில் விழுவார். உங்கள் ஊரில் வேகத்தடையில் விழுந்தவர்கள் யார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஓட்டியவராக இருக்காது, பின்னால் இருந்தவராகத்தான் இருக்கும்.

தடை இருக்கும் இடமும் முக்கியம். கிளைச்சாலை நெடுஞ்சாலையில் சேரும் முக்கில் வேகத்தடை வரவேண்டியது கிளைச்சாலையில். அங்கிருந்து வருகிறவர் நின்று பார்த்து ஏறவேண்டும் என்பதற்காக. நம் ஊர்களில் கோபம் மெயின் ரோட்டு வண்டிகள் மேல் இருப்பதால் தடையும் மெயின் ரோட்டில் விழுகிறது, கிராமத்துச் சாலை வழுவழுவென்று அப்படியே கிடக்கிறது. எங்கே போட்டாலும் 40 மீட்டருக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை வேண்டும், மேலே பெயின்ட் பட்டை வேண்டும். பெயின்ட் அழிந்த வேகத்தடை ராத்திரியில் ஒரு பள்ளத்துக்குச் சமம்.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். 300 மீட்டரில் நடக்கும் விபத்துகளை ஒரே விபத்தாக நினைத்து ஒரே மருந்து கேட்டிருக்கிறீர்கள். அங்கே குறைந்தது மூன்று நான்கு வகை மோதல்கள் கலந்து கிடக்கும், ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. அவற்றைப் பிரிப்பதற்கு மோதல் வரைபடம் என்று ஒரு எளிய கருவி உண்டு. பெரிய சார்ட் பேப்பரில் அந்த 300 மீட்டர் சாலையை வரையுங்கள். கிளைச்சாலை, பஸ் ஸ்டாப், பள்ளி கேட், டிரான்ஸ்பார்மர், பெட்டிக்கடை, விளக்குக் கம்பம் எல்லாவற்றையும் குறியுங்கள். பிறகு ஒவ்வொரு விபத்துக்கும் இரண்டு அம்புகள்: எந்த வண்டி எந்தத் திசையில் போனது, எது எதில் மோதியது. நடந்து போனவருக்குப் புள்ளிக்கோடு. தனியாகச் சறுக்கி விழுந்தவருக்குச் சுருண்ட அம்பு. பக்கத்தில் நேரம், மாதம், மழையா வெயிலா, காயமா மரணமா. மூன்று வருஷத்து விபத்துகளை ஏற்றினால், எந்த இடத்தில் எந்த ஜாதி அம்புகள் கூடுகின்றன என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

தகவல் எங்கே கிடைக்கும்? முதல் தகவல் அறிக்கையில் நிலையத்திலிருந்து எந்தத் திசையில் எவ்வளவு தூரம் என்ற பத்தி உண்டு. இப்போது போலீஸார் விபத்து நடந்த இடத்தை வரைபடப் புள்ளியோடு இ-டார் என்ற மின்னணு விபத்துப் பதிவுத் தளத்தில் ஏற்றுகிறார்கள். சென்னை ஐஐடி உருவாக்கிய இந்த ஏற்பாடு முதலில் தொடங்கப்பட்ட ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மாவட்டக் காவல் அலுவலகத்தில் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் வரவேண்டும். பெயர், முகவரி கேட்காதீர்கள். தனிநபர் விவரம் என்று சொல்லி மனுவையே தள்ளிவிட வழி கிடைத்துவிடும். தேதி, நேரம், இடம், வண்டி வகை, மோதிய விதம், காயத்தின் தன்மை இவ்வளவு போதும். ஆனால் வழக்காகாத விபத்துகள்தான் அதிகம். முழங்கை உரசி, டிஞ்சர் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனவர் எந்தக் காகிதத்திலும் இருக்க மாட்டார். அதற்கு முக்கில் இருக்கும் டீக்கடைக்காரரையும், பஞ்சர் கடைக்காரரையும் தனித்தனியாக விசாரியுங்கள். இருவரும் சொல்வது ஒத்துப்போனால் எழுதிக்கொள்ளுங்கள்.

படத்தில் அம்புகள் முக்கில் செங்குத்தாக மோதிக்கொள்கின்றனவா? அப்படியானால் பிரச்சினை பார்வைத் தூரம். கிளைச்சாலையில், மெயின் ரோட்டின் தார் விளிம்பிலிருந்து 3 மீட்டர் பின்னால், டூவீலரில் உட்கார்ந்தபடி வலது பக்கம் பாருங்கள். முதலில் மோத வருவது அந்தப் பக்கத்து வண்டிதான். மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் வண்டி நிற்க 60 மீட்டரும், 60-க்கு 80 மீட்டரும், 80-க்கு 120 மீட்டரும் பார்வைத் தூரம் தேவை என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. உங்கள் கண்ணுக்கு எவ்வளவு தெரிகிறது என்று காலடியால் அளந்துவிடலாம். மறைப்பது பெரும்பாலும் மூன்றில் ஒன்று: சீமைக்கருவேலம், ஃபிளெக்ஸ் பேனர், டீ குடிக்க நிறுத்திய லாரி. இதில் எதற்கும் கோடி ரூபாய் டெண்டர் தேவையில்லை. அதோடு கிளைச்சாலை சேரும் இடம் ஏற்றமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். தார் மேல் தார் போட்டு மெயின் ரோடு உயர்ந்துகொண்டே போக, கிராமத்துச் சாலை பள்ளத்தில் நின்றுவிடும். அங்கே நின்று கிளம்பினால் வண்டி பின்னால் உருளும் என்பதால் யாரும் நிற்பதில்லை. ஒரே முறுக்காக முறுக்கி ஏறிவிடுகிறார்கள். ‘நில்’ பலகை வைத்தும் பயனில்லாத முக்குகளில் காரணம் பெரும்பாலும் இதுதான். கடைசி சில மீட்டரைச் சமதளமாக்கிக் கொடுத்தால்தான் பலகைக்கு மரியாதை வரும்.

அம்புகள் பஸ் ஸ்டாப் அருகே புள்ளிக்கோட்டை வெட்டினால் கதை வேறு. பஸ்ஸிலிருந்து இறங்கியவர் பஸ்ஸுக்கு முன்னால் சுற்றி எதிர்ப்பக்கம் கடக்கிறார். டிரைவருக்குத் தெரிகிறது, நின்றிருக்கிறார். ஆனால் பஸ்ஸை முந்திக்கொண்டு வலதுபுறம் வருகிற டூவீலருக்கு அந்த ஆள் தெரிவது பஸ்ஸின் முன்முனையைத் தாண்டிய பிறகுதான்; அப்போது இடைவெளி இரண்டு மூன்று மீட்டர். இதற்கு வேகத்தடை முழுத் தீர்வு இல்லை. ஸ்டாப்பை முக்கிலிருந்து குறைந்தது 60 மீட்டராவது தள்ளி வையுங்கள். நடைகடப்பு பஸ்ஸின் முன்னால் வராமல் பின்பக்கம் வரும்படி அமையுங்கள். எதிரெதிர்த் திசை ஸ்டாப்புகளை நேருக்கு நேர் வைக்காமல் சற்று விலக்கி வைத்தால், இறங்கிய இருவரும் தத்தம் பஸ்ஸின் பின்னால் கடக்க முடியும். சாலை அகலம் இடம் கொடுத்தால் நடுவில் ஒன்றேகால் மீட்டர் அகலத்தில் நிற்குமிடம் கட்டலாம். கிழவி ஒருவர் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டிய அவசியம் போய்விடும். பள்ளி கேட் எதிரே, நடைபாதை உயரத்துக்கு எழுப்பிய தட்டையான மேடைக் கடப்பு சாதாரண வேகத்தடையைவிட நல்லது. வண்டியும் மெதுவாகும், பிள்ளைகளும் கடக்கும் இடத்தை மாற்ற மாட்டார்கள்.

சுருண்ட அம்புகள் சாலை ஓரத்தில் கூடினால் தார் விளிம்பைக் குனிந்து பாருங்கள். பக்கத்து மண், பொறியாளர்கள் பெர்ம் என்பது, மழையில் அரித்து 10 சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். பின்னால் வரும் பஸ் ஹாரன் அடிக்கிறது, டூவீலர் மண்ணில் இறங்குகிறது, பிறகு சாய்வாகத் தார் மேல் ஏறப் பார்க்கிறது. டயரின் பக்கச்சுவர் விளிம்பில் உரசும். சக்கரம் ஏறாது, ஹேண்டில் திரும்பாது. ஓட்டுபவர் இன்னும் திருப்புவார். சட்டென்று ஏறும்போது வண்டி வலப்பக்கம் துள்ளி விழும். அங்கே பஸ்ஸின் பின்சக்கரம். செய்தித்தாளில் ‘நிலைதடுமாறி’ என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடுகிற இந்த விபத்துக்குத் தேவை சில லோடு கிராவல் மண், அதை உருளை விட்டு இறுக்க ஒரு நாள் வேலை. ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

உங்கள் பக்கத்துக்கே உரிய ஒன்று நெல். சம்பா அறுவடையில் பாதிச் சாலையில் நெல்லைக் காயப்போட்டு, வண்டி ஏறாமலிருக்க வரிசையாகக் கருங்கல் வைக்கிறார்கள். நெல்லை அள்ளிக்கொண்டு போகிறவர்கள் கல்லை மறந்துவிடுகிறார்கள். மாதத்தைக் குறித்து வைத்தால் தை, மாசியில் மாலை விபத்துகள் தனியாகத் தெரியும். பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லரும் அப்படித்தான். பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள் ஒளிர்பட்டை ஒட்ட ஒரு வண்டிக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். ராத்திரியில் சாலை நடுவே குறுக்கும் நெடுக்கும் நிறுத்தும் விளம்பர பேரிகேட்டுகளையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். ஒளிர்பட்டை இல்லாத பேரிகேட்டைப் பாதுகாப்புச் சாதனம் என்று அழைப்பது கொஞ்சம் அதிகம்.

வேகத்தை ‘எல்லாம் பறக்கிறானுங்க’ என்று மனுவில் எழுதாமல், அளந்து எழுதுங்கள். சாலையோரம் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு அடையாளம் வையுங்கள். மாடியிலிருந்து செல்போனில் வீடியோ எடுங்கள். ரோட்டோரம் நின்றால் பார்த்ததும் மெதுவாகிவிடுவார்கள். இரண்டு அடையாளத்தைக் கடக்க எத்தனை நொடி என்று பார்த்து, 180-ஐ அந்த எண்ணால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். 3 நொடி என்றால் 60. நாலரை நொடி என்றால் 40. நூறு வண்டிகளை அளந்து வேகமானதிலிருந்து வரிசைப்படுத்துங்கள். பதினைந்தாவது வண்டியின் வேகம்தான், அதாவது மீதி 85 வண்டியும் தாண்டாத வேகம்தான், பொறியாளர் கேட்கிற எண்.

இந்த 40-க்கும் 60-க்கும் உள்ள வித்தியாசம் பலருக்கு உறைப்பதில்லை. ஒருவர் குறுக்கே வந்ததைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த சாலையில் 40-ல் வரும் கார் அதற்குள் 17 மீட்டர் ஓடி, இன்னும் 9 மீட்டரில் நின்றுவிடும், மொத்தம் 26. அதே காரோட்டி 60-ல் வந்தால் ஒன்றரை நொடியிலேயே 25 மீட்டர் போய்விடுகிறது. முதல் கார் நின்ற இடத்தில் இரண்டாவது கார் அப்போதுதான் பிரேக் பிடிக்கத் தொடங்குகிறது. மோதும் வேகம் கிட்டத்தட்ட அதே 60.

ஆகவே வேகத்தைக் குறைக்க வேண்டிய இடம் முக்கு இல்லை, ஊர் எல்லை. திறந்த சாலையில் 80-ல் வந்தவருக்கு ஊருக்குள் வந்துவிட்டோம் என்று புத்தியில் பட வேண்டும். ஊர்ப்பெயர்ப் பலகையோடு சேர்த்து வேக வரம்புப் பலகை, சாலைக்குக் குறுக்கே இடைவெளி குறைந்துகொண்டே வரும் தடிப்பான வெண்பட்டைகள், பாதையைக் குறுக்கிக் காட்டும் ஓரக்கோடுகள், ஒளிரும் சாலைக் குமிழ்கள் ஆகியவற்றை இரண்டு முனையிலும் கேளுங்கள். வெண்பட்டைகளை வீடுகளுக்கு நேர் எதிரே போடச் சொல்லாதீர்கள். லாரி ஏறுகிற சத்தத்தில் தூக்கம் போய், ஒரு மாதத்தில் அந்த வீட்டுக்காரர்களே சுரண்டச் சொல்லி மனு கொடுப்பார்கள்.

யாரிடம் போவது என்பதைக் கிலோமீட்டர் கல் சொல்லும். தலை மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை. அங்கே வேகத்தடை பொதுவாகவே கிடைக்காது. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, உங்களுடையது இது. மனு நெடுஞ்சாலைத் துறை, கட்டுமானம் மற்றும் பராமரிப்புக் கோட்டப் பொறியாளருக்கு. தெருவிளக்கு, ஆக்கிரமிப்பு, பேனர் எல்லாம் பேரூராட்சி செயல் அலுவலருக்கு. பஸ் நிற்கும் இடத்துக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலரும் போக்குவரத்துக் கழகக் கிளையும் வேண்டும். இவர்கள் அனைவரும் ஒரே மேசையில் உட்காருவது கலெக்டர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவில் மட்டுமே. எனவே திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுக்கும் மனுவில், அந்தக் குழுவின் அடுத்த கூட்டத்தில் வைக்கவும், அதற்கு முன் கூட்டாய்வு நடத்தவும் கேளுங்கள். கிலோமீட்டர் கல்லின் எண்ணையும், 200 மீட்டருக்கு ஒன்றாக இருக்கும் சின்னக் கல்லின் எண்ணையும் எழுதுங்கள். வரைபடத்தையும் வேக அளவையும் இணையுங்கள். கோரிக்கை ஒரு பக்கம் தாண்ட வேண்டாம்.

ஒரு எண்ணைக் கையில் வைத்திருங்கள். தேசிய நெடுஞ்சாலையில் 500 மீட்டருக்குள் மூன்று ஆண்டில் மரணமோ கொடுங்காயமோ ஏற்பட்ட விபத்துகள் 5, அல்லது மரணங்கள் 10 என்றால் அது ‘கரும்புள்ளி’, அதாவது விபத்து அபாயம் மிகுந்த இடம். உங்களுடையது மாநிலச் சாலை என்றாலும், பொறியாளர் மனதில் ஓடும் அளவுகோல் இதுதான். தொட்டிருந்தால் முதல் வரியிலேயே சொல்லுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 198ஏ பிரிவு, சாலை வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் தரம் தவறி உயிரோ உறுப்போ போனால் பொறுப்பானவருக்கு ஒரு லட்சம் வரை அபராதம் என்கிறது. மிரட்டலாக எழுத வேண்டாம், தெரியும் என்று காட்டினால் போதும்.

வேலை முடிந்ததும் ‘மூன்று மாதமாக ஒன்றுமில்லை’ என்று பட்டாசு வெடிக்காதீர்கள். சின்ன ஊரில் எண்ணிக்கையே சிறியது. மோசமான வருஷத்துக்கு அடுத்த வருஷம் ஒன்றும் செய்யாமலேயே குறைந்து காணப்படும். நூலிழையில் தப்பியவற்றை எண்ணுவது இதைவிட நம்பகமானது. மாலை 5 முதல் 7 வரை அதே மாடியில் உட்கார்ந்து, டயர் கிறீச்சிட்டது, ஆள் பின்வாங்கி ஓடியது, வண்டி பாதை மாறியது மூன்றையும் குறியுங்கள். வேலைக்கு முன் ஐந்து நாள், பின் ஐந்து நாள். சந்தை நாளைச் சந்தை நாளோடும், அறுவடை மாதத்தை அடுத்த அறுவடை மாதத்தோடும் ஒப்பிடுங்கள்.