மாமா பெயரைக் கொடுத்தால் லைசென்ஸ் தப்புமா?

கேள்வி: வணக்கம் சார். லைசென்ஸ் கிடைத்து பத்து மாதம்தான் ஆகிறது, இன்னும் பி-பிளேட் (முதல் வருடப் புது ஓட்டுநர்). மார்ச்சில் வேகமாகப் போனதற்கு 6 குற்றப்புள்ளி வாங்கினேன். போன மாதம் இரவு பதினொரு மணிக்கு சிங்கப்பூரின் பிஐஇ விரைவுச்சாலையில் மணிக்கு 117 கிலோமீட்டரில் போய் கேமராவில் மாட்டிக்கொண்டேன். கார் மாமாவுடையது என்பதால் கடிதம் அவருக்கு வந்திருக்கிறது. “நான் ஓட்டினதாப் போட்டுடறேன், எனக்குப் புள்ளியே இல்ல” என்கிறார். நண்பனோ, “இதுக்கும் 6 தான், மொத்தம் 12, தப்பிச்சுடுவ” என்கிறான். என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, உங்கள் நண்பர் சொல்வது 2025 வரை செல்லுபடியான கணக்கு. 90 வரம்புள்ள இடத்தில் நீங்கள் 27 கிலோமீட்டர் கூடப் போயிருக்கிறீர்கள். 21 முதல் 30 வரை கூடினால் முன்பு 6 புள்ளி, 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். 2026 ஜனவரி 1 முதல் அது 8 புள்ளி, 300 வெள்ளி. ஆக மொத்தம் 14. முதல் ஓராண்டுக்குள் 13 புள்ளி சேர்ந்தாலே லைசென்ஸ் ரத்து. பழைய ஓட்டுநர்களுக்கு 24 மாதத்தில் 24 புள்ளி சேரும்வரை இடமிருக்கிறது, அப்போதும் முதலில் தற்காலிகத் தடைதான். பி-பிளேட்காரருக்கு அந்தச் சலுகை இல்லை.

மாமாவின் பாசம் புரிகிறது. ஆனால் இந்த யோசனை 300 வெள்ளி விவகாரத்தைச் சிறை விவகாரமாக்கிவிடும். ஓட்டியவர் யார் என்று உண்மையைச் சொல்ல வேண்டிய கடமை சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 81-ஆவது பிரிவின்படி கார் உரிமையாளருக்கு உண்டு. தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. நீதிக்கு இடையூறு செய்ததாகத் தண்டனைச் சட்டத்தின் 204ஏ பிரிவில் வழக்குப் போட்டால் உச்சத் தண்டனை 7 ஆண்டு சிறை. அதில் மாமாவோடு நீங்களும் மாட்டுவீர்கள். காசு வாங்கினால்தான் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, சொந்தக்காரர் சும்மா செய்தாலும் பொய் பொய்தான்.

படத்தில் முகம் தெரியாதே என்பீர்கள். முகமே வேண்டாம். அந்த இரவு பதினொரு மணிக்கு மாமா துவாஸில் நைட் ஷிஃப்டில் இருந்திருந்தால், கம்பெனிப் பதிவு ஒன்றே போதும். உங்கள் இருவரையும் தனித்தனியாக உட்காரவைத்து, எங்கிருந்து எங்கே போனீர்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டால் இரண்டு கதையும் எவ்வளவு நேரம் ஒட்டும்? பதில் சொல்லாமல் கடிதத்தைக் கிடப்பில் போடுவதும் உதவாது. உரிமையாளரே ஓட்டியதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

சரி, நேர் வழியில் என்ன இருக்கிறது? எண் பலகை தவறாகப் படிக்கப்பட்டது, கார் அங்கே போகவே இல்லை என்பது போன்ற உண்மையான காரணம் இருந்தால் போக்குவரத்து போலிஸிடம் மேல்முறையீடு செய்யலாம். “வேலைக்கு கார் வேண்டும்” என்று எழுதிப் பார்க்கலாம்தான், பெரிதாக நம்ப வேண்டாம். நீதிமன்றத்தில் வாதாடவும் உரிமை உண்டு. கேமராவின் வேகமானி சரியாக அளவீடு செய்யப்பட்டதா என்று அங்கே கேட்கலாம். ஆனால் 117-இல் போனதை நீங்களே எனக்கு எழுதியிருக்கிறீர்கள். தோற்றால் அபராதம் 300-ஐத் தாண்டக்கூடும், புள்ளியும் குறையாது.

லைசென்ஸ் ரத்தானால் அடிப்படைத் தேர்விலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டும். கசப்புதான். இடைப்பட்ட காலத்தில் கடைக்குப் போகக்கூட கார் சாவியைத் தொடாதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 10,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை. காப்புறுதியும் கைவிடும்.

மாமா ஏற்கெனவே தன் பெயரைக் கொடுத்துவிட்டாரா? அப்படியென்றால் போலிஸ் கூப்பிடும்வரை காத்திருக்காமல், இருவரும் உடனே ஒரு வழக்கறிஞரைப் போய்ப் பாருங்கள். இன்னும் கொடுக்கவில்லை என்றால், அவர் அந்த அபராதத்தைக் கட்ட வேண்டாம். கடிதத்தில் குறித்த நாளுக்குள் சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான கணக்கு) வழியாக உங்கள் விவரத்தை அவரே பதியட்டும்.