ஏர் பியூரிஃபையர் இருக்கட்டும், முதலில் படுக்கையறையைப் பாருங்கள்

கேள்வி: மெயின் ரோட்டை ஒட்டிய வீட்டுக்குக் குடிவந்த பிறகு என் 7 வயது மகனுக்கு இரவில் இருமலும் வீசிங்கும் வருகிறது. ஆஸ்துமா என்கிறார் டாக்டர். எங்கள் குடும்பத்தில் யாருக்குமே கிடையாது. ஏர் பியூரிஃபையர் வாங்கினால் சரியாகுமா?

பதில்: பரம்பரைக்குப் பங்கு உண்டுதான். ஆனால் சில பத்தாண்டுகளுக்குள் பல நாடுகளில் குழந்தைகளிடம் ஆஸ்துமா இவ்வளவு பெருகியதற்கு மரபணுவைக் காரணம் சொல்ல முடியாது, அது அத்தனை வேகமாக மாறுவதில்லை. மாறியது காற்றும், நாம் வாழும் விதமும். 2015-ல் மட்டும் உலகெங்கும் சுமார் 40 லட்சம் குழந்தைகளுக்குப் புதிதாக வந்த ஆஸ்துமாவுக்கு, வாகனப் புகையில் இருக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடு காரணமாக இருந்திருக்கலாம் என்று 2019-ல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. குழந்தைகளின் மூச்சுக்குழாய் சின்னது, கொஞ்சம் வீங்கினாலே அடைத்துக்கொள்ளும்.

அதனால் நீங்கள் ரோட்டைச் சந்தேகிப்பது நியாயம்தான். ரோட்டுப் பக்கம் இல்லாத அறையில் அவனைப் படுக்க வையுங்கள், வண்டிகள் நெரியும் நேரத்தில் அந்தப் பக்க ஜன்னல்களை மூடிவிடுங்கள்.

இரவில் அதிகமாவது ஆஸ்துமாவின் இயல்புதான், ஆனாலும் அவன் படுக்கும் அறையை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். சுவரில் ஈரம், பூஞ்சை வாசம் இருந்தால் மேலே பெயின்ட் அடிப்பதில் பயனே இல்லை, தண்ணீர் எங்கிருந்து கசிகிறதோ அங்கே அடைக்க வேண்டும். மெத்தை, தலையணைகளில் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் வாழும், விரிப்பையும் உறைகளையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். கொசுவர்த்திச் சுருள் கொளுத்துகிறீர்களா? ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகள்களை வெளியிடுவதாக ஓர் ஆய்வில் அளந்திருக்கிறார்கள். இன்றைக்கே கொசுவலைக்கு மாறிவிடுங்கள். வீட்டுக்குள் சிகரெட்டும் கூடவே கூடாது.

சரி, பியூரிஃபையர். அதில் இருக்கும் ஹெப்பா ஃபில்டர் என்ற நுண்வடிகட்டி துகள்களைப் பிடிக்கும், நான் மேலே சொன்ன நைட்ரஜன் டை ஆக்சைடு போன்ற வாயுவைப் பிடிக்காது. ஓசோன் வெளிவிடும் வகை வேண்டவே வேண்டாம், ஓசோனே மூச்சுக்குழாயைப் புண்படுத்தும். மற்றதையெல்லாம் செய்த பிறகும் வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள், அவ்வளவுதான்.

அப்புறம், டாக்டர் தினமும் கொடுக்கச் சொன்ன தடுப்பு இன்ஹேலரை இருமல் நின்றதும் தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். இருமல் நின்றாலும் உள்ளே வீக்கம் இருக்கும். இன்ஹேலரோடு மாட்டும் ஸ்பேசர் என்ற குழாயை வைத்தே கொடுங்கள், மருந்து தொண்டையில் தங்காமல் நுரையீரலுக்குப் போகும். உடனடி நிவாரண இன்ஹேலர் கொடுத்தும் மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுத்தாலோ, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பூத்தாலோ ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், போகிற வழியிலும் அந்த நிவாரண இன்ஹேலர் கையில் இருக்கட்டும்.