பொலிசோ அரச அதிகாரியோ உரிமையை மீறினால் சாதாரண ஆள் வழக்குப் போட முடியுமா? ஐ.நா.வுக்குப் போனால் பயன் உண்டா?

முடியும். ஆனால் முதலில் திகதியைப் பாருங்கள். இலங்கை அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி, மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் அடிப்படை உரிமை மனுப் போட வேண்டும். அதுவும் கொழும்பில் உள்ள, நாட்டின் உச்ச நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தில் மட்டும்தான். ஆளைச் சட்டவிரோதமாக அடைத்து வைத்திருந்தால் அவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரச் சொல்லும் ஆட்கொணர்வு மனுவை மட்டக்களப்பு மேல் நீதிமன்றத்தில் போடலாம். அடிப்படை உரிமை வழக்கை அங்கே எடுக்க மாட்டார்கள்.

எங்கள் பக்கத்துச் சனம் தவறவிடுவது இந்த ஒரு மாதத்தைத்தான். எனக்குத் தெரிந்த ஒரு அம்மாவின் மகனைப் பொலிசார் கூட்டிப்போய் அடித்தார்கள். கொஞ்ச நாள் வைத்தியசாலை, பிறகு ஊர்ப் பெரியவர்களின் சமாதானப் பேச்சு, பிறகு கொழும்புக்குப் போகக் காசு தேடி அலைச்சல். கடைசியில் சட்டத்தரணியின் மேசையில் வைத்தியசாலைத் துண்டுகளை ஒவ்வொன்றாக விரித்து வைத்தார். ஒரு துண்டுகூடத் தவறவில்லை. மாதம்தான் கடந்துவிட்டது. இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

ஆகவே முதல் கிழமையிலேயே மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அல்லது கல்முனை அலுவலகத்துக்குப் போய்த் தமிழிலேயே முறைப்பாடு கொடுங்கள். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. முறைப்பாட்டு இலக்கத்தோடு திரும்பி வந்துவிடாதீர்கள். விசாரணை நடக்கிறது என்பதற்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள். சும்மா முறைப்பாடு போட்டதை மட்டும் காட்டியவர்களின் மனுக்களை நீதிமன்றம் தள்ளியிருக்கிறது.

'பெரிய இடத்தை நீதிமன்றம் தொடுமா?' என்று கேட்பவர்களுக்கு ஒன்று. எங்கள் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயமும் இலக்கான 2019 ஈஸ்டர் தாக்குதல் வழக்கில், தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதுவும் அடிப்படை உரிமை மனுக்களில் வந்த தீர்ப்புத்தான்.

ஐ.நா. விஷயத்தில் சிங்கராசா வழக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். 1993இல் மட்டக்களப்பில் பிடிபட்ட தமிழ் இளைஞர். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் பெருவிரல் அடையாளம் வாங்கி, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 50 வருடச் சிறை விதித்தார்கள். மேன்முறையீட்டில் 35 ஆனது. நியாயமான விசாரணை நடக்கவில்லை என்று ஐ.நா. மனித உரிமைகள் குழு 2004இல் சொன்னது. ஆனால் அந்தக் குழுவிடம் முறையிட வழிவிடும் நெறிமுறையில் இலங்கை 1997இல் சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று 2006இல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. குழுவின் முடிவை வைத்து அவரால் வழக்கைத் திரும்பத் திறக்க முடியவில்லை. அது பெரிய அநியாயம் என்பதே என் கருத்து.

அதனால் ஐ.நா.வை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அந்தக் குழுவும் முதலில் பார்ப்பது, உள்நாட்டு நீதிமன்றத்தை முறையாக நாடினீர்களா என்பதைத்தான்.